எம்.எஸ். சந்தேகத்தில் எடுத்த முதுகுத் தண்டு நீர்: ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது?

ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் முதல் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், 'ஆலிகோகுளோனல் பேண்ட்' என்ற வரியில் விரலை வைத்து, "பாசிட்டிவா நெகட்டிவா சார்?" என்பார்கள். பாசிட்டிவ் என்றால் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்., மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய்) உறுதி, நெகட்டிவ் என்றால் தப்பித்தோம் என்று ஒரு கணக்கு. இரண்டுமே தப்பு.

நான் ஒரு மருத்துவமனை லேப்பில் இந்த நீரைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன். நோய் என்ன என்று சொல்வது நரம்பியல் டாக்டரின் வேலை. என்னால் சொல்லக்கூடியது ரிப்போர்ட்டைப் படிக்கும் வரிசை. முதலில் இந்த எண்களை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வேறு நோயைக் காட்டுகிறதா. எம்.எஸ்.ஸுக்கு ஆதரவாக ஏதாவது இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. பக்கத்தைப் பின்னாலிருந்து புரட்டினால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

1. ரிப்போர்ட்டைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூளை, முதுகுத் தண்டு இரண்டின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். நீர் எடுத்த அதே நாளில் எடுத்த ரத்தத்தின் முடிவுகள், முக்கியமாகக் குளுக்கோஸ், அப்புறம் ஆல்புமின், ஐஜிஜி என்ற இரண்டு புரதங்கள். நீர் எடுத்த தேதியும் நேரமும். அப்புறம், அதற்கு முன் போட்ட மருந்துகளின் பட்டியல்.

மருந்துப் பட்டியலைத்தான் பலர் மறக்கிறார்கள். பார்வை மங்கியது, கால் மரத்தது என்று போனவுடன் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி நாளைக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு நீர் எடுத்தால் அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும், ஐஜிஜி இன்டெக்ஸும் (7-ஆம் படியில் வரும் கணக்கு) கொஞ்சம் இறங்கியிருக்கலாம். பேண்டுகள் (8-ஆம் படியில் வருபவை) மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஸ்டீராய்டு போட்ட தேதி தெரியாமல் "அணுக்கள் நார்மல்" என்று படிப்பதில் அர்த்தமில்லை. ஐ.வி.ஐ.ஜி. எனப்படும் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் இன்னும் சிக்கல்: ரத்தத்தில் ஓடும் ஐஜிஜியில் ஒரு பங்கு யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் கொடுத்தது.

ரிப்போர்ட் ஒரே நாளில் முழுதாக வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அணுக்கள், குளுக்கோஸ், புரதம் சில மணி நேரத்தில் வந்துவிடும். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்குச் சில நாட்கள் ஆகும். பேண்ட் சோதனையைப் பல லேப்களில் சாம்பிள்கள் சேர்ந்த பிறகுதான் ஓட்டுவார்கள். வெளியூருக்கு அனுப்பினால் இன்னும் தாமதமாகும். முதல் நாள் தாளை வைத்துக்கொண்டு "எல்லாம் நார்மல்" என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

2. முதல் பார்வை: நீரோடு ரத்த சாம்பிளும் போனதா?

எம்.எஸ். தொடர்பாக இந்த நீரில் பார்க்கும் முக்கியமான எண்கள் எல்லாமே ஒப்பீடுகள். நீரில் இவ்வளவு, ரத்தத்தில் இவ்வளவு என்று இரண்டையும் வைத்துத்தான் கணக்குப் போட முடியும். ரத்த சாம்பிள் இல்லாமல் வந்த நீர், தராசில் ஒரு தட்டை மட்டும் வைத்த மாதிரி.

ஏன் என்று புரிய வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் தண்ணீர் நிற்கிறது. அது நம் கிணற்று மோட்டார் இறைத்ததா, பக்கத்து வாய்க்காலிலிருந்து வரப்பு உடைந்து கசிந்ததா? தண்ணீரின் ஆழத்தை மட்டும் அளந்தால் தெரியாது. முதுகுத் தண்டு நீரில் நோய் எதிர்ப்புப் புரதமான ஐஜிஜி எப்போதும் கொஞ்சம் இருக்கும். ரத்தத்திலிருந்து இயல்பாகக் கசிந்து வருவது அது. எம்.எஸ்.ஸில் கேள்வி வேறு: மூளை, தண்டுவடத்துக்குள்ளேயே உட்கார்ந்து எதிர்ப்பு அணுக்கள் ஐஜிஜியை உற்பத்தி செய்கின்றனவா?

ஆகவே பேண்ட் ரிப்போர்ட்டில் 'சீரம்' (ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய தெளிநீர்) என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சில நேரம் நீர் மட்டும் வந்து சேரும். ரத்தம் பிடித்த குழாய் வார்டிலேயே நின்றுவிடும். உடனே சொன்னால் ஒன்றிரண்டு நாளுக்குள் ரத்தம் எடுத்துச் சேர்க்கலாம். ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தைப் பழைய நீரோடு ஒப்பிடுவது சரிவராது.

3. நீர் எப்படி வந்தது?

நீர் தெளிவாக, நிறமில்லாமல், நல்ல குடிநீர் போல இருக்க வேண்டும். எம்.எஸ்.ஸிலும் அப்படித்தான் இருக்கும். கலங்கலாக இருந்தால் அணுக்கள் ஏராளம் என்று பொருள். அது வேறு கதை.

அடுத்து சிவப்பணு வரி. நீரில் சிவப்பணு இருக்கக் கூடாது. ஆனால் ஊசி போகும் வழியில் சிறு ரத்தக்குழாயில் பட்டால் ரத்தம் கலக்கும். இது நோயுமல்ல, யாருடைய தவறுமல்ல. கலந்த ரத்தம் மற்ற எண்களை உயர்த்தும் என்பதால் மட்டுமே கவனிக்கிறோம். தோராயக் கணக்கு இது: ஒவ்வொரு 1000 சிவப்பணுவுக்கும் புரதத்தில் 1 மி.கி. அளவும், வெள்ளையணுவில் 1 அல்லது 2-ம் கழித்துக்கொள்ளலாம். சிவப்பணு 4000, வெள்ளையணு 7 என்று வந்தால் அந்த 7-ஐப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. ரத்தம் நிறையக் கலந்திருந்தால் கழித்தல் கணக்கை நம்பக் கூடாது. பேண்ட் முடிவையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அழுத்தம் அளந்திருந்தால் பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் நீர் உயரத்தைத் தாண்டக் கூடாது. எம்.எஸ். அழுத்தத்தை ஏற்றுவதில்லை. பார்வை மங்கலோடு வந்தவருக்கு அழுத்தம் அதிகம் என்றால் டாக்டர் வேறு திசையில் யோசிப்பார்.

இடையில் ஒன்று. "முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும்" என்ற பயம் இன்னும் இருக்கிறது. தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பருகே முடிந்துவிடுகிறது; ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாவது நான்காவது அல்லது நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே. உடல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி நீரைச் சுரக்கிறது, எடுத்த 10 மில்லி அரை மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும். உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் அடங்குகிற தலைவலி சிலருக்கு வரும். ரிப்போர்ட் வாங்க வரும்போது அது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சகித்துக்கொண்டு திரிய வேண்டாம்.

4. வெள்ளையணுக்கள்: எண்ணும் முக்கியம், வகையும் முக்கியம்

நார்மல் என்பது ஒரு மைக்ரோலிட்டருக்கு 5 வரை. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதுவே நார்மலாக இருக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும்: 8, 15, 20 என்ற அளவில், பெரும்பாலும் லிம்போசைட் வகை.

50-ஐத் தாண்டினால் நின்று யோசிக்க வேண்டும். எம்.எஸ்.ஸில் அது அபூர்வம். தொற்று, நியூரோமைலைடிஸ் ஆப்டிகா (என்.எம்.ஓ., கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய்), நரம்பு உறையின் மாக் புரதத்தைத் தாக்கும் மாக் எதிர்ப்புரத நோய், சார்காய்டோசிஸ் போன்றவற்றைப் பார்க்கச் சொல்லும் எண் அது. வகைப் பிரிப்பில் நியூட்ரோஃபில் மிகுதியாக இருந்தாலும் அப்படித்தான்: எம்.எஸ். படத்தோடு அது பொருந்தாது, தொற்று அல்லது என்.எம்.ஓ. பக்கம் கை காட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த அணுக்கள் குழாயில் நீண்ட நேரம் தாங்காது, கரைந்துபோகும். நீர் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் எண்ணுவதே நல்லது. காலை பத்து மணிக்கு எடுத்த குழாய், பில் போடக் காத்திருந்து ஒரு மணிக்கு லேப்புக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த 'நார்மல்' நார்மல்தானா என்று யாருக்குத் தெரியும்? ரிப்போர்ட்டில் சேகரித்த நேரம், பெற்ற நேரம் என்று இரண்டு வரிகள் இருக்கும். நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். குழாயை உங்கள் கையில் கொடுத்து அனுப்பினால் காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

5. குளுக்கோஸும் புரதமும்: எம்.எஸ். அதிகம் தொடாத இரண்டு வரிகள்

நீரின் குளுக்கோஸ், ரத்தக் குளுக்கோஸில் ஏறக்குறைய 60 சதவீதம் இருக்கும். எம்.எஸ். இதை மாற்றுவதில்லை. குறைந்திருந்தால் அந்த நீரில் எதுவோ குளுக்கோஸைத் தின்கிறது என்று அர்த்தம். கிருமியோ, சில வேளை புற்றணுவோ.

நம் ஊரில் இந்த வரி இரட்டிப்பு முக்கியம், காரணம் காசநோய். காசநோய் மூளைக்காய்ச்சலிலும் லிம்போசைட்தான் ஏறும். ஆனால் அங்கே குளுக்கோஸ் இறங்கும், புரதம் நூறைத் தாண்டி ஏறும். எம்.எஸ்.ஸில் குளுக்கோஸ் நார்மல், புரதம் நார்மல் அல்லது சற்றே கூடுதல். 'லிம்போசைட்' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து டிபி என்று பதறுபவர்களும் உண்டு, எம்.எஸ். என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் இரண்டு தவறும் நடக்காது.

சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். நீரில் குளுக்கோஸ் 66 என்றால் அச்சடித்த நார்மல் எல்லையான 40-70க்குள் அழகாக உட்காரும். ரத்தத்தில் அதே நேரம் 220 என்றால் விகிதம் 0.3, குறைவு. ரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போது விகிதம் தானாகவே கொஞ்சம் இறங்கும் என்பதையும் டாக்டர் கணக்கில் எடுப்பார். ஆனால் ரத்த அளவு தெரியாவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

புரதம் 15 முதல் 45 மி.கி./டெசிலிட்டர் வரை நார்மல். 55, 60 என்று வந்தால் அலற வேண்டாம். வயது, சர்க்கரை நோய், கழுத்து அல்லது இடுப்பு எலும்புத் தேய்மானத்தால் வரும் நெருக்கம் எல்லாமே இதை ஏற்றும். 100-ஐத் தாண்டினால் எம்.எஸ். என்ற எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

6. ஆல்புமின் விகிதம்: வரப்பு உடைந்திருக்கிறதா?

ஆல்புமினைக் கல்லீரல் மட்டுமே உண்டாக்குகிறது. மூளையில் அது உற்பத்தியாவதில்லை. எனவே நீரில் இருக்கும் ஒவ்வொரு துளி ஆல்புமினும் ரத்தத்திலிருந்து வந்ததே. கசிவை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

நீரின் ஆல்புமினை ரத்த ஆல்புமினால் வகுத்து, 1000-ஆல் பெருக்கினால் வருவது ஆல்புமின் விகிதம். மேல் எல்லை வயதைப் பொறுத்தது: வயதை 15-ஆல் வகுத்து 4-ஐக் கூட்டுங்கள். 30 வயதுக்காரருக்கு எல்லை 6. 60 வயதுக்காரருக்கு 8.

எம்.எஸ்.ஸில் இது பெரும்பாலும் நார்மல் அல்லது லேசாக மட்டும் ஏறியிருக்கும். நிறைய ஏறியிருந்தால் வரப்பே உடைந்து கிடக்கிறது. வீக்கமோ தொற்றோ வேறு நோயோ என்று தேட வேண்டும்.

கையால் கணக்குப் போடுபவர்கள் இடறும் இடம் அலகு. ரத்த ஆல்புமின் கிராமில் அச்சாகும், நீர் ஆல்புமின் மில்லிகிராமில் அச்சாகும். ரத்தத்தின் 4 கிராமை 4000 மில்லிகிராமாக மாற்றிய பிறகே வகுக்க வேண்டும்.

7. ஐஜிஜி இன்டெக்ஸ்: கசிவைக் கழித்தால் மிச்சம் என்ன?

ஐஜிஜிக்கும் இதே வகுத்தலைச் செய்து, வந்ததை ஆல்புமின் வகுத்தலால் மறுபடி வகுத்தால் கிடைப்பது ஐஜிஜி இன்டெக்ஸ். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

முப்பது வயதுள்ள இரண்டு பேர். இருவருக்கும் நீரில் ஐஜிஜி 6 மி.கி., ரத்தத்தில் 1200 மி.கி. விகிதம் 0.005. இதுவரை வித்தியாசமே இல்லை.

முதலாமவருக்கு நீரில் ஆல்புமின் 20, ரத்தத்தில் 4000. விகிதம் 0.005. இன்டெக்ஸ் 0.005-ஐ 0.005-ஆல் வகுத்தால் 1.0. இரண்டாமவருக்கு நீரில் ஆல்புமின் 40, ரத்தத்தில் 4000. விகிதம் 0.010. இன்டெக்ஸ் 0.5.

பெரும்பாலான லேப்களில் எல்லை 0.7. நீரில் இருவருக்கும் ஒரே ஐஜிஜி அளவு இருந்தும், முதலாமவருக்கு அது உள்ளேயே உற்பத்தியானது, இரண்டாமவருக்குக் கசிந்து வந்தது. 1000-ஆல் பெருக்கினால் முதலாமவரின் ஆல்புமின் விகிதம் 5, எல்லைக்குள். இரண்டாமவருக்கு 10, எல்லையைத் தாண்டியது. இப்போது புரிகிறதா, நீரின் ஐஜிஜி வரியில் மட்டும் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் ஏன் பொருட்படுத்த வேண்டாம் என்கிறேன்?

எம்.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு இந்த இன்டெக்ஸ் ஏறியிருக்கும். ஆகவே 0.6 வந்தால் எம்.எஸ். இல்லை என்று ஆகாது. இன்டெக்ஸ் நார்மலாக இருந்தும் பேண்ட் பாசிட்டிவ் ஆவது அன்றாடம் நடப்பது. பேண்ட் சோதனை இதைவிடக் கூர்மையானது.

8. ஆலிகோகுளோனல் பேண்ட்: எண்ணிக்கைக்கு முன் வடிவம்

ஒரு ஜெல்லில் நீரும் ரத்த சீரமும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஓடுகின்றன. இரண்டிலும் ஐஜிஜி ஒரே அளவில் இருக்கும்படி சீரத்தை நூற்றுக்கணக்கான மடங்கு நீர்த்துத்தான் வைப்போம். மின்சாரம் பாய்ந்ததும் ஐஜிஜி வகைகள் அவற்றின் மின்னேற்றத்துக்கு ஏற்பப் பிரிந்து நிற்கும். ஆரோக்கியமானவரிடம் ஆயிரக்கணக்கான வகைகள் கலந்து மங்கலான ஒரே நிழலாகத் தெரியும். சில குடும்ப அணுக்கள் மட்டும் பெருகி உற்பத்தி செய்தால் அந்த நிழலுக்குள் கூரான கோடுகள் தெரியும். அவையே பேண்டுகள்.

முதலில் சோதனை முறை என்ன என்று பாருங்கள். 'ஐசோஎலக்ட்ரிக் ஃபோக்கசிங்' என்றும் ஐஜிஜிக்கான இம்யூனோஃபிக்சேஷன் அல்லது பிளாட்டிங் என்றும் இருந்தால் நல்லது. பழைய சாதாரண எலக்ட்ரோஃபோரசிஸ் முறையில் பேண்டுகள் தப்பிவிடும். அதில் வந்த நெகட்டிவை நான் நெகட்டிவ் என்று எண்ணமாட்டேன்.

அடுத்து வடிவம். ஐந்து வகை உண்டு.

டைப் 1: இரண்டு தடத்திலும் கோடு இல்லை. நெகட்டிவ்.

டைப் 2: நீரில் கோடுகள், சீரத்தில் இல்லை. உள்ளேயே உற்பத்தி நடக்கிறது. எம்.எஸ்.ஸில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

டைப் 3: இரண்டிலும் கோடுகள், ஆனால் நீரில் கூடுதலாகச் சில. இதுவும் பாசிட்டிவ்.

டைப் 4: இரண்டிலும் ஒரே மாதிரி கோடுகள், கண்ணாடியில் பார்த்தது போல. ரத்தத்தில் உண்டாகி நீருக்குள் கசிந்தவை. எம்.எஸ்.ஸுக்கு ஆதரவு அல்ல.

டைப் 5: இரண்டிலும் ஒரே குழுவாக நெருங்கி நிற்கும் ஏணி போன்ற கோடுகள். ரத்தத்தில் ஒற்றைவகைப் புரதம் பெருகியிருக்கிறது; அதை ரத்தநோய் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"பேண்ட் இருக்கிறது என்று போட்டிருக்கிறதே!" என்று அழுதுகொண்டே வந்த ஒரு அம்மாவின் மகளுக்கு வந்திருந்தது டைப் 4. 'பேண்டுகள் காணப்பட்டன' என்ற முதல் வரியோடு அவர் நிறுத்திவிட்டார்; 'சீரத்திலும் அதே வடிவம்' என்ற அடுத்த வரியைப் படிக்கவில்லை. டைப் 4 தாளோடு தெரியாமல் சுற்றுபவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

வடிவத்துக்குப் பிறகே எண்ணிக்கை. நீரில் மட்டும் உள்ள கோடுகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பல லேப்கள் பாசிட்டிவ் என்கின்றன. இன்னும் கூடுதல் எண்ணிக்கை கேட்கும் லேப்களும் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் எந்த எல்லை என்று எழுதியிருக்கும். ஒரே ஒரு கோடு என்றால் முடிவு சொல்ல முடியாத நிலை; சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால் சிலருக்குப் பலவாகும், சிலருக்கு மறைந்துபோகும்.

எல்லையைத் தாண்டிய பிறகு எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. 12 கோடு வந்தவருக்கு 4 கோடு வந்தவரைவிட நோய் மூன்று மடங்கு என்று ஆகாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதை மறுபடி எடுப்பதும் வீண்; ஒருமுறை வந்த பேண்டுகள் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும்.

பாசிட்டிவ் என்றால் எம்.எஸ்.தானா? இல்லை. உள்ளே நீடித்த எதிர்ப்பு வேலை நடக்கிறது என்பது மட்டும்தான் அதன் செய்தி. தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் மூளை அழற்சியான எஸ்.எஸ்.பி.இ., சிஃபிலிஸ், எச்.ஐ.வி., லூபஸ், சார்காய்டோசிஸ் எல்லாவற்றிலும் பேண்டுகள் வரலாம். அதனால்தான் 4, 5 எண் படிகளை முதலில் முடிக்கச் சொன்னேன்.

நெகட்டிவ் என்றால் எம்.எஸ். இல்லையா? அதுவும் இல்லை. வட ஐரோப்பாவில் எம்.எஸ். நோயாளிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ் வருகிறது. பூமத்திய ரேகையை நோக்கி வர வர இது குறைகிறது. ஆசிய நாடுகளில் நெகட்டிவ் எம்.எஸ். கணிசம். இணையத்தில் ஐரோப்பியக் கணக்கைப் படித்துவிட்டு "நெகட்டிவ், அப்படியென்றால் பத்து சதவீதம்கூட வாய்ப்பில்லை" என்று நம்மவர்கள் ஆறுதல் அடைவது அவசரம். நெகட்டிவ் வந்தால் செய்ய வேண்டிய உருப்படியான வேலை ஒன்று உண்டு: அக்வாபோரின்-4 (என்.எம்.ஓ.வுக்கானது), மாக் எதிர்ப்புரதச் சோதனைகள் ரத்தத்தில் செய்யப்பட்டனவா என்று கேட்பது. என்.எம்.ஓ., மாக் நோய் இரண்டிலும் பேண்ட் பெரும்பாலும் இருக்காது. சிகிச்சையும் வேறு; எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும்.

9. கப்பா இன்டெக்ஸ் என்று ஒரு வரி இருந்தால்

புதிதாக வரத் தொடங்கியிருக்கிறது. எதிர்ப்புப் புரதத்தை உற்பத்தி செய்யும் அணுக்கள் உதிரியாக வெளிவிடும் துண்டுகளில் ஒன்று கப்பா. கணக்கு ஐஜிஜி இன்டெக்ஸ் போலவேதான், ஐஜிஜிக்குப் பதில் கப்பா. நீரில் 1.2, ரத்தத்தில் 12, ஆல்புமின் விகிதம் (1000-ஆல் பெருக்காமல்) 0.005 என்றால் இன்டெக்ஸ் 20. பரவலாகப் பயன்படும் எல்லை 6.1.

இதன் லாபம், மெஷின் எண்ணாகத் தருகிறது. ஜெல்லைக் கண்ணால் பார்த்துக் கோடு எண்ணும் சச்சரவு இல்லை. எம்.எஸ். கண்டறிதலுக்கான மெக்டொனால்ட் விதிகளின் 2024 திருத்தம் இதைப் பேண்டுக்கு இணையான சான்றாக ஏற்றுக்கொண்டது. இரண்டும் வேறு வேறு பக்கம் காட்டினால் டாக்டரிடம் விடுங்கள்.

10. தேவையில்லாமல் தூக்கம் கெடுக்கும் வரிகள்

"எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் எதுக்கு சார் எழுதியிருக்காங்க? எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லை." இதைக் கேட்காத வாரம் இல்லை. வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸுக்கு), சிபி-நாட், ஏ.டி.ஏ. (காசநோய்க்கு), கிரிப்டோகாக்கஸ் (பூஞ்சைத் தொற்றுக்கு) என்று நீளமான பட்டியல் இருந்தால் உங்கள் மேல் சந்தேகம் என்று பொருளல்ல. நீரை மறுபடி எடுக்கும் சிரமம் வேண்டாம் என்று ஒரே தடவையில் எல்லாவற்றையும் விலக்குகிறார்கள். எம்.எஸ். என்ற முடிவே, மற்றவற்றை விலக்கிய பிறகு வருவது.

மையலின் பேசிக் புரோட்டீன் ஏறியிருந்தால் நரம்பின் உறை எங்கோ சேதமானது என்று தெரிகிறது, ஏன் என்று தெரியாது. பக்கவாதத்திலும் ஏறும். எம்.எஸ். முடிவில் இதற்கு வேலையில்லை.

11. எம்.ஆர்.ஐ.க்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது

எம்.எஸ். என்று சொல்ல வழக்கமாக இரண்டு விஷயம் நிரூபணம் ஆக வேண்டும். பாதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் நடந்திருக்க வேண்டும் (2024 திருத்தம் இந்த இரண்டாவதைக் கட்டாயமாக்கவில்லை). இடத்தை எம்.ஆர்.ஐ. காட்டும். காலத்துக்கு முன்பெல்லாம் அடுத்த தாக்குதல் வரும்வரையோ, புதுத் தழும்பு படத்தில் தெரியும்வரையோ காத்திருந்தார்கள். மெக்டொனால்ட் விதிகளின் 2017 திருத்தம், எம்.எஸ்.ஸுக்கே உரிய முதல் தாக்குதலும் இடப் பரவலும் இருந்து, வேறு நோய்கள் விலக்கப்பட்டிருந்தால், நீரில் மட்டும் உள்ள பேண்டுகளைக் காலத்துக்கான சான்றின் இடத்தில் வைக்கலாம் என்றது. சிகிச்சை மாதக்கணக்கில் முன்னாடியே தொடங்க முடிகிறது. இந்த ஊசிக்கு இன்று இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே ஒரே பாசிட்டிவ் தாள், வேறு வேறு பேருக்கு வேறு வேறு பொருள். கண் நரம்பு வீங்கி, எம்.ஆர்.ஐ.யில் உரிய இடங்களில் தழும்புகள் உள்ள 28 வயதுப் பெண்ணுக்கு அது கிட்டத்தட்டக் கடைசிப் பூட்டைத் திறக்கும் சாவி. வெறும் தலைவலிக்குப் படம் எடுத்து, உரிய இடங்களில் எதுவும் இல்லாத 50 வயதுக்காரருக்கு அதே தாள் எம்.எஸ்.ஸை நிரூபிக்காது, பேண்டுக்கு வேறு காரணம் தேட வேண்டும். முதல் தாக்குதலோடு வந்து, படம் இன்னும் முழுமையாகப் பொருந்தாதவருக்கு, இரண்டாவது தாக்குதல் வரும் வாய்ப்பு அதிகம், கண்காணிப்பு நெருக்கமாக இருக்கட்டும் என்று பொருள். படமும் தாக்குதலும் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் டாக்டர் நீரே எடுக்காமலும் விடலாம், அது அலட்சியமல்ல.

12. டாக்டரிடம் போகும்போது

முழு ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். போனில் எடுத்த கடைசிப் பக்கப் போட்டோ போதாது. கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த டைப் வடிவம்? சீரம் அதே நாளுடையதா? ஸ்டீராய்டுக்கு முன் எடுத்ததா, பின்னா? அக்வாபோரின்-4, மாக் சோதனைகள் தேவையா? வேறு எந்த நோய்கள் விலக்கப்பட்டன, எது இன்னும் பாக்கி?

கல்ச்சர் போன்ற பாக்கி முடிவுகளுக்கு எந்தத் தேதி என்று லேப்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்ச நீர் உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை நாள் வைப்பார்கள் என்றும் விசாரியுங்கள். பின்னால் ஒரு சோதனை சேர்க்க வேண்டி வந்தால் இன்னொரு ஊசி மிச்சமாகலாம். ரிப்போர்ட்டை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை எம்.ஆர்.ஐ. சிடியோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். சில ஆண்டு கழித்து வேறு ஊர் டாக்டரிடம் போகும்போது அவர் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.